அசைவும் அளவும்: வலைப்பக்கத்தில் பொருள்கள் எப்படி நகர்கின்றன?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் அண்ணன் போன் செய்து, “உன் வேலையைப் பத்தி ஒரு 20 நிமிஷம் பேசுப்பா. ஆனா சிவில்காரனுக்கும் புரியணும், சாப்பாட்டு நேரமும் தள்ளிப் போகக் கூடாது” என்றார். இந்த இரண்டு நிபந்தனைகளில் இரண்டாவதை மீறினால் என்ன ஆகும் என்பது ஹாஸ்டலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது மெக்கானிக்கல். பிழைப்பது சாஃப்ட்வேரில். அதிலும் என் வேலை மிகச் சிறிய ஒரு மூலை. வலைப்பக்கத்தில் இருக்கிற பொருள்களை ஸ்கிரிப்ட் எழுதி அசைய வைப்பது. மெனுவைத் தொட்டால் அது பக்கவாட்டிலிருந்து நழுவி வருகிறதே, பணம் கட்டி முடித்ததும் பச்சை வட்டத்துக்குள் ஒரு டிக் மார்க் தன்னைத்தானே வரைந்துகொள்கிறதே, பாஸ்வேர்டு தப்பாகப் போட்டால் அந்தக் கட்டம் ‘இல்லை’ என்று தலையை ஆட்டுகிறதே, அதெல்லாம் எங்கள் ஆட்கள் பார்க்கிற வேலை. “நாலு வருஷம் லேத்தும் ஷேப்பரும் ஓட்டிட்டு கடைசியில பொம்மலாட்டமா தம்பி?” என்று மூத்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கும் இந்த உரையின் நடுவே ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

எதுவும் நகர்வதில்லை

முதலில் ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். திரையில் எதுவும் நகர்வதே இல்லை. சினிமாவில் விநாடிக்கு 24 நிலைப்படங்கள் வரிசையாக வருகின்றன, கண் ஏமாந்துபோய் ‘ஓடுகிறான்’ என்கிறது. கம்ப்யூட்டர் திரை பெரும்பாலும் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 1000 மில்லி செகண்டை 60ஆல் வகுத்தால் 16.7. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எங்களுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அதற்குள் பொருளைக் கொஞ்சம் தள்ளி வரைந்துவிட்டால் பார்ப்பவருக்கு அது வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். அடிக்கடி அதைத் தவறவிட்டால் திக்கித் திக்கி ஓடும்.

சினிமாவுக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினிமாக்காரர் எல்லாப் படத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறார். தியேட்டரில் ஓட்டுவது மட்டும்தான் பாக்கி. எங்கள் படமோ, பார்ப்பவர் கையில் இருக்கிற கருவியில், அந்த நொடியிலேயே வரையப்படுகிறது. அந்தக் கருவி ஒன்றரை லட்ச ரூபாய் லேப்டாப்பாக இருக்கலாம். திரை கீறிப்போன, ஆறு வருஷப் பழைய போனாகவும் இருக்கலாம். எது என்று எழுதுகிற எங்களுக்குத் தெரியாது. இன்று நான் சொல்லப் போகிற அத்தனையும் இந்த ஒரு ‘தெரியாது’விலிருந்து பிறந்தவை.

பத்து நாளில் பிறந்த மொழி

வலைப்பக்கம் பிறப்பால் ஒரு காகிதம். ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு முன்மொழிந்தபோது, ஆவணங்களையும் தகவல்களையும் ஒன்றோடொன்று இணைத்துப் பகிர்வதே நோக்கம். காகிதத்தை ஆட வைக்கும் ஆசை 1990களின் நடுவில் வந்தது. நெட்ஸ்கேப்பின் பிரவுசர் ‘பிளிங்க்’ என்ற குறியீட்டால் எழுத்தை மின்ன வைத்தது. மைக்ரோசாஃப்ட்டின் பிரவுசர் ‘மார்க்கீ’ என்ற குறியீட்டால் எழுத்தை ஓட வைத்தது. ஜிஃப் படங்கள் தம் பங்குக்கு ஆடின. ஆனால் இவை மூன்றுக்கும் கீ கொடுத்த பொம்மை மாதிரி ஒரே ஆட்டம்தான் தெரியும். பார்ப்பவர் தொட்டால் பதில் சொல்லத் தெரியாது.

1995 மே மாதம் கலிஃபோர்னியாவில், அதே நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பிரெண்டன் ஐக் என்ற பொறியாளர் பத்தே நாளில் ஒரு சிறு மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். முதலில் அதன் பெயர் மோக்கா. பிறகு லைவ்ஸ்கிரிப்ட். டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று நாமகரணம் ஆயிற்று. நான் அப்போது இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஜாவா என்ற மொழிக்கும் இதற்கும் பெரிய உறவு எதுவும் கிடையாது. ஜாவா அப்போது பிரபலமாக இருந்தது, அந்தப் பெயரில் கொஞ்சத்தை இதற்கும் ஒட்டிவிட்டார்கள்.

தொடக்கத்தில் இந்த மொழிக்குக் கொடுத்தது சில்லறை வேலைதான். படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது போன்றவை. பக்கத்தில் இருக்கிற ஒரு பொருளைப் பிடித்து இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர்த்த 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 இரண்டும் வெளிவந்தன. பொருளைப் பிடிப்பதற்கு ஒன்று ‘லேயர்ஸ்’ என்ற வழியைத் தந்தது, மற்றது ‘ஆல்’ என்ற வழியைத் தந்தது. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துச் சமைத்த கதைதான்.

இந்தத் தொல்லை பொறுக்காமல் பலர் ஃப்ளாஷ் பக்கம் போனார்கள். அது 1996ல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் பிறந்து, மேக்ரோமீடியா கைக்குப் போய், 2005ல் அடோபி கைக்கு வந்தது. அழகாகத்தான் ஆடியது. ஆனால் அது பிரவுசருக்கு வெளியே இருந்து வந்து ஒட்டிக்கொண்ட வாடகைக்காரர். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி ஆதரவை நிறுத்தியது. அதில் செய்து வைத்த எத்தனையோ பாடங்களும் விளையாட்டுகளும் இன்று சாதாரண பிரவுசரில் நேரடியாகத் திறப்பதில்லை.

2006ல் ஜான் ரெசிக் என்ற அமெரிக்க இளைஞர் ஜேக்வெரி என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டுதான் நான் டிரங்குப் பெட்டியோடு இந்தக் கல்லூரி வாசலில் வந்து இறங்கினேன். பிரவுசர்களின் சண்டையை அந்தத் தொகுப்பு தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. எழுதுபவர் ‘அனிமேட்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், பொருள் நகரும். எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால் 400 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். ‘ஃபாஸ்ட்’ என்றால் 200, ‘ஸ்லோ’ என்றால் 600. எங்கள் தலைமுறையில் முக்கால்வாசிப் பேர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தோம்.

படியை எண்ணாதே, நேரத்தை எண்ணு

இப்போது ஒர்க்‌ஷாப்புக்குள் போவோம். ஒரு பெட்டியை இடமிருந்து வலமாக 300 பிக்சல் தூரம், அரை விநாடியில் நகர்த்தணும். புதிதாக வருகிற மாணவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: ‘10 மில்லி செகண்டுக்கு ஒரு முறை 6 பிக்சல் தள்ளு. 50 முறை தள்ளியதும் நிறுத்து.’ இதற்கென்று ‘செட் டைம்அவுட்’, ‘செட் இன்டர்வல்’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. 50ஐ 6ஆல் பெருக்கினால் 300 பிக்சல். 50ஐ 10ஆல் பெருக்கினால் 500 மில்லி செகண்ட். முழு மதிப்பெண் போடலாம்.

ஆனால் நடைமுறையில் இது ஃபெயில். ஏன் என்றால், ‘10 மில்லி செகண்ட் கழித்து’ என்று நாம் சொல்வதை பிரவுசர் ‘10க்குக் குறையாமல்’ என்றுதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட் வேலைகள் ஒரே வரிசையில் நின்று நடக்கின்றன. ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் நாலு கார்டுக்குச் சாமான் வாங்கினால் பின்னால் இருப்பவர் நிற்க வேண்டியதுதானே? பழைய போனில் ஒவ்வொரு படிக்கும் 40 மில்லி செகண்ட் ஆகிறது என்று வையுங்கள். 50 படிக்கு 2 விநாடி. அரை விநாடியில் திறக்க வேண்டிய மெனு, 2 விநாடி தவழ்ந்து வரும். ‘போன் மாட்டிக்கிச்சு’ என்று நினைத்து அவர் மறுபடி மறுபடி தட்டுவார். குறை போனில் இல்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் படியை எண்ணியதில் இருக்கிறது.

சரியான முறை இதைவிடச் சுலபம். புறப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் மணி பாருங்கள். கழிந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, வருகிற பின்னத்தை 300ஆல் பெருக்குங்கள். 125 மில்லி செகண்ட் ஆகியிருந்தால் கால் பங்கு, ஆகவே பெட்டி 75ல் இருக்கணும். 250 ஆகியிருந்தால் 150ல் இருக்கணும். 500ஐத் தாண்டிவிட்டால் 300ல் நிறுத்திவிடணும். நல்ல கருவியில் இந்த அரை விநாடிக்குள் 30 படங்கள் வரும். பழைய போனில் 12 படங்கள் வரும். பாசஞ்சர் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், எக்ஸ்பிரஸ் சிலவற்றில் மட்டும் நிற்கும். இங்கே இரண்டும் ஒரே நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மணி பார்ப்பதற்கு ஏற்ற இன்னொரு கட்டளையும் 2011 வாக்கில் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் வந்தது. அதன் பெயர் ‘ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்’. “அடுத்த படம் வரையப் போகும்போது என்னை ஒரு வார்த்தை கூப்பிடு” என்று பிரவுசரிடம் சொல்லி வைப்பது. கூப்பிடும்போது நேரத்தையும் அதுவே கையில் கொடுத்துவிடும். நீங்கள் வேறு டேபுக்குப் போய்விட்டால் கூப்பிடுவதை நிறுத்திக்கொள்ளும். ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடாதது மாதிரி, பேட்டரி மிச்சம்.

இங்கேயும் படி எண்ணுகிற பழக்கம் சிலரை விடுவதில்லை. ‘ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் 5 பிக்சல்’ என்று எழுதிவிடுகிறார்கள். 60 முறை புதுப்பிக்கிற திரையில் 300 பிக்சல் கடக்க 1 விநாடி ஆகும். இன்று கடைகளில் விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கிற போன்கள் நிறைய வந்துவிட்டன. அதில் அதே ஸ்கிரிப்ட் அரை விநாடியில் பாய்ந்து முடிந்துவிடும். பழைய போனில் தவழ்வதும் புதிய போனில் தலைதெறிக்க ஓடுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். நேரத்தை எண்ணுகிறவருக்கு இரண்டும் கிடையாது.

கேம் ஷீட்டில் வரைந்த அதே வளைவு

இப்போது அந்த மூத்தவரின் கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன முறையில் பெட்டி சரியான நேரத்துக்குப் போய்விடும். ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று முழு வேகம், போன இடத்தில் சட்டென்று நிற்பு. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவருக்கு டிரைவர் பிரேக் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். உலகத்தில் எடையுள்ள எந்தப் பொருளும் அப்படிக் கிளம்பி நிற்பதில்லை என்பது நம் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

மெக்கானிக்கல் நண்பர்களே, ‘கைனமாட்டிக்ஸ்’ தாளில் கேம் புரொஃபைல் வரைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? டிராஃப்டரோடும் பிரெஞ்ச் கர்வோடும் ராத்திரி முழுக்க உட்கார்ந்தோமே? ஃபாலோயர் சீரான வேகத்தில் எழும்பினால் தொடக்கத்திலும் முடிவிலும் முடுக்கம் எல்லையில்லாமல் போய்விடும், மெஷின் அடி வாங்கும், ஆகவே சிம்பிள் ஹார்மோனிக் மோஷன் கொடு என்று சொல்லித் தந்தார்கள். அரைவட்டம் போட்டு, அதைச் சம பாகங்களாகப் பிரித்து, புள்ளிகளை இறக்கினோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜேக்வெரியின் உள்ளே திறந்து பார்த்தேன். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது பயன்படுத்துகிற அசைவுக்கு ‘ஸ்விங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் சூத்திரம் இதுதான்: நேரப் பின்னத்தைப் பையால் பெருக்கி, அதன் கொசைனை எடு, அதை 1லிருந்து கழி, பாதியாக்கு. நம் கேம் ஷீட்டின் சூத்திரம் அட்சரம் பிசகாமல்! ‘லிஃப்ட்’ இருந்த இடத்தில் 300 பிக்சல். கேம் திரும்பிய கோணம் இருந்த இடத்தில் கழிந்த நேரம். போட்டுப் பாருங்கள். கால்வாசி நேரத்தில் பெட்டி 44 பிக்சல்தான் போயிருக்கும். பாதி நேரத்தில் 150. முக்கால் நேரத்தில் 256. முடிவில் 300. மெல்லக் கிளம்பி, நடுவில் வேகம் பிடித்து, மெல்ல வந்து நிற்கும்.

டிஸ்னி ஸ்டூடியோவின் ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981ல் எழுதிய நூலில் அனிமேஷனுக்கு 12 விதிகள் வகுத்தார்கள். மெல்லத் தொடங்கு, மெல்ல முடி என்பது அதில் ஒன்று. அவர்கள் பென்சிலால் கண்டுபிடித்ததை நம் பாடப்புத்தகம் கொசைனால் சொல்லியிருக்கிறது. ஆகவே அண்ணே, பொம்மலாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூலைப் பிடித்திருக்கிற விரலுக்கு அசைவைக் கற்றுக்கொடுத்தது இந்தக் கல்லூரியின் டிராயிங் ஹால்தான்.

சுவரைத் தள்ளாதே, ஷீட்டைத் தள்ளு

சிவில் நண்பர்கள் முகம் சுருங்குவது தெரிகிறது. இந்தப் பகுதி உங்களுக்கு. பிரவுசர் ஒரு படத்தை வரைவதற்கு மூன்று வேலைகள் செய்கிறது. எது எங்கே, எவ்வளவு இடம் என்று பிளான் போடுவது முதல் வேலை. வண்ணம் பூசுவது இரண்டாவது. தனித்தனியாகப் பூசிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுவது மூன்றாவது.

பெட்டியை நகர்த்த அதன் ‘லெஃப்ட்’ அளவையோ, பெரிதாக்க ‘விட்த்’ அளவையோ மாற்றினால் பிளானிலேயே கை வைத்ததாகிவிடும். வீட்டில் ஒரு சுவரை ஓரடி தள்ளினால் பக்கத்து அறை சுருங்கும், கதவு இடம் மாறும், பிளானைத் திருத்தி வரையணும். அதையே 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறை செய் என்றால் எந்த மேஸ்திரி நிற்பார்? ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற பண்பை மாற்றி நகர்த்தினால் பெரும்பாலும் மூன்றாவது வேலை மட்டும் போதும். நம் பேராசிரியர்கள் ஓ.எச்.பி.யில் ஒரு ஷீட்டின் மேல் இன்னொரு ஷீட்டை வைத்து நகர்த்திக் காட்டுவார்களே, அதே வித்தை. எழுதியதை அழிக்க வேண்டாம், ஷீட்டைத் தள்ளினால் போதும். பொருளை மங்கச் செய்கிற ‘ஒபாசிட்டி’க்கும் இதே சலுகை உண்டு. இந்த வேலையைக் கிராபிக்ஸ் சிப் ஏற்றுக்கொள்கிறது. அதற்காக ஒவ்வொரு எழுத்தையும் தனி ஷீட்டாக்கினால் போனின் நினைவகம் நிரம்பிவிடும். எதற்கும் ஒரு அளவு வேண்டும்.

சர்வே எடுத்தவர்களுக்கு இன்னொன்று. பல பொருள்களை நகர்த்தும்போது, ஒன்றை அளந்து நகர்த்தி, பிறகு அடுத்ததை அளந்து நகர்த்தி என்று போகாதீர்கள். நகர்த்திய பிறகு அளவு கேட்டால், சரியான பதில் சொல்ல பிரவுசர் உடனே பிளானை மறுபடி போட வேண்டி வரும். நூறு பொருளுக்கு நூறு பிளான். முதலில் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக நகர்த்துங்கள்.

எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்ட் தேவையும் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிற எளிய அசைவுகளை சி.எஸ்.எஸ். என்ற அலங்கார மொழியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம். விரலைப் பின்தொடரணும், நடுவழியில் திசை மாறணும், ஒன்று முடிந்ததும் மற்றது தொடங்கணும் என்று வரும்போது ஸ்கிரிப்ட் தேவைப்படும். அன்று ஜேக்வெரி தந்த ‘அனிமேட்’ வசதியை இன்று பிரவுசரே நேரடியாகத் தருகிறது. 2020க்குள் முக்கியமான பிரவுசர்கள் அனைத்திலும் அது வந்துவிட்டது.

யாருக்காக நிற்கணும்?

இதுவரை எப்படி அசைப்பது என்று சொன்னேன். எப்போது அசைக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் இறங்கினால் பாதி உரைதான் ஆற்றியதாகும்.

என் அம்மாவுக்கு வயது 64. உள்காதுக் கோளாறால் அடிக்கடி தலைசுற்றல் வரும். அப்பா போன பிறகு, போனில் பணம் கட்டுவதைத் தானாகவே கற்றுக்கொண்டார். பால்காரர் முதல் கேபிள்காரர் வரை அவர் கணக்குதான். ஒரு நாள் ஒரு சேவை நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தார். விரலால் தள்ளத் தள்ள, பின்னால் இருந்த படம் ஒரு வேகத்தில் போனது, முன்னால் இருந்த எழுத்து ஒரு வேகத்தில் போனது, நடுவில் சில கட்டங்கள் சுழன்று வந்தன. அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். “தூரி மாதிரி ஆடுதுடா, நீயே கட்டிரு” என்றார். அந்தப் போனில் ‘அசைவைக் குறை’ என்ற செட்டிங்கை நானே பல மாதங்களுக்கு முன் போட்டு வைத்திருந்தேன். போன் தயாராகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் அதைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு கட்டணத்தை நான்தான் கட்டுகிறேன். எனக்கு அது இரண்டு நிமிஷ வேலை. அவருக்கோ, தானாகச் செய்துகொண்டிருந்த ஒரு காரியம் கையை விட்டுப் போய்விட்டது.

இது ஏன் நடக்கிறது? கண் ‘நகர்கிறோம்’ என்கிறது. சமநிலையைக் கவனிக்கிற உள்காது ‘சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. மலைப்பாதை பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருவதும் இதே முரண்பாடுதான், சாட்சிகள் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2013ல் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 வந்தபோது அதன் பாய்ந்து விரிகிற அசைவுகள் தலைசுற்றலைத் தருகின்றன என்று பலர் முறையிட்டார்கள். சில வாரங்களில் வந்த திருத்தப் பதிப்பில் ‘அசைவைக் குறை’ தேர்வு அவற்றையும் நிறுத்தும்படி செய்தார்கள்.

பிறகு, பயன்படுத்துபவரின் அந்த விருப்பத்தை வலைப்பக்கமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி வந்தது. 2017ல் சஃபாரி, 2018ல் ஃபயர்ஃபாக்ஸ், 2019ல் குரோம். ‘ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்’ என்று அதற்குப் பெயர். ஸ்கிரிப்டில் ‘மேட்ச் மீடியா’ என்ற கட்டளையால் ஒரே வரியில் கேட்டுவிடலாம். ‘ஆம்’ என்று பதில் வந்தால் பெரிய நகர்வுகளையும் சுழற்சிகளையும் விட்டுவிடுங்கள். நழுவி வருகிற மெனு அப்படியே தோன்றட்டும். தன்னைத்தானே வரைந்துகொள்கிற டிக் மார்க் வரைந்தபடியே வந்து நிற்கட்டும். பணம் போய்ச் சேர்ந்தது என்ற தகவல் மட்டும் எந்தக் காரணத்தாலும் தொலைந்துபோகக் கூடாது.

மின்னுவது இன்னும் ஆபத்து. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னிய ஒரு காட்சி வந்தது. வலிப்பு, தலைசுற்றல், வாந்தி என்று 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். உலகளாவிய வலைச் சங்கம் 2008ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. பளிச்சிடுவது ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது என்பது பொது விதி. தானாகத் தொடங்கி, மற்ற விஷயங்களுக்குப் பக்கத்தில் 5 விநாடிக்கு மேல் ஓடுகிற எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது நம் ஊர்ப் பக்கங்கள் பலவற்றின் தலையில் ஓடுகிற அந்த ஒற்றை வரிச் செய்தி உங்களுக்கு நினைவு வரும். பரீட்சை தேதியும் கட்டணத்துக்கான கடைசி நாளும் அதில்தான் ஓடும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் வரி மறைந்துவிடும். ‘பிளிங்க்’ மறைந்துவிட்டது. அதைக் கடைசி வரை வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸும் 2013ல் நீக்கிவிட்டது. ‘மார்க்கீ’யை வழக்கொழிந்தது என்று தரநூல் சொல்லியும் பிரவுசர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. முக்கியமான செய்தி என்றால் அதை நிற்க வையுங்கள். ஓடுகிற செய்தியைத் துரத்திப் படிக்க எல்லோருக்கும் கால் இல்லை.

அப்படியானால் அசைவே வேண்டாமா? வேண்டும். ‘பணம் செலுத்து’ என்ற பொத்தானை ஒருவர் அழுத்துகிறார். 0.1 விநாடிக்குள் ஏதாவது மாறினால் தன் விரலுக்கு உடனே பதில் கிடைத்ததாக மனிதர் உணர்கிறார் என்று ஜேக்கப் நீல்சன் 1993லேயே தம் நூலில் தொகுத்துச் சொல்லியிருக்கிறார். 10 விநாடிக்கு மேல் பதில் இல்லாவிட்டால் கவனம் வேறெங்கோ போய்விடும். பொத்தான் அமுங்கி ஒரு சின்ன வட்டம் சுழன்றால், ‘கேட்டுக்கொண்டேன், கொஞ்சம் பொறுங்கள்’ என்று பொருள். அந்த வட்டம் இல்லாவிட்டால் மறுபடி அழுத்துவார், இரண்டு முறை பணம் போகவும் வாய்ப்பு உண்டு. எங்கிருந்து வந்தது, எங்கே போனது, இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லுகிற அசைவு வேலைக்கார அசைவு. ‘என்னைப் பார், என் அழகைப் பார்’ என்கிற அசைவுக்கு ஒரு முறை கைதட்டு கிடைக்கும். தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டியவருக்கு இரண்டாம் நாளே அது இடைஞ்சல்.

பின்னால் நிற்கிற தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இந்த வேலைக்கு வரப்போகிறீர்கள். கற்றுக்கொள்ள விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. ஒரு பிரவுசரும் ஒரு நோட்பேடும் போதும். ஒரு பெட்டியை நகர்த்த வைத்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது படியை எண்ணுகிறதா, நேரத்தை எண்ணுகிறதா? வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் ஓட்டிப் பார்த்தேனா? வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் இது நிற்குமா? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் நீங்கள் எழுதிய பக்கத்தை யார் வீட்டு அம்மாவும் தைரியமாகத் திறக்கலாம்.

அசையும் பாகம் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தும் வழியையும் சேர்த்து வரை என்று ஒர்க்‌ஷாப்பில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். லேத்துக்கு எமர்ஜென்சி சுவிட்ச் வைக்கிற பொறியாளர் வலைப்பக்கத்துக்கும் அதை வைக்க வேண்டும். கண்ணாடித் திரைக்குப் பின்னால் இருப்பதால் யாருக்கும் அடிபடாது என்று நினைத்துவிட வேண்டாம்.

மாணவர்கள் யாராவது செய்து பார்க்க விரும்பினால், சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் ஒரு மணி நேரம் இருப்பேன், தயங்காமல் வாருங்கள்.